முன்சீட்டில் மழை

ஐப்பசி 4, ஞாயிறு

மழை. காரின் உள்ளே தண்ணீர்.

ஐப்பசி 5, திங்கள்

நேற்று எழுதியதை இன்று காலையில் படித்துப் பார்த்தேன். படிக்க முடிந்தது. நான் எழுதியதை நானே படித்தேன்! தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். 'ழை' எழுதும்போதுதான் பேனா தடுமாறுகிறது. முன்னால் இரண்டு சுழி, அப்புறம் ழ, அதற்குக் கீழே ஒரு வால். மற்ற எழுத்துகள் சொன்னபடி கேட்கின்றன.

தினமும் காலண்டரைப் பார்த்துத் தேதி எழுத வேண்டும், அதன் கீழே அன்று நடந்ததை எழுத வேண்டும். ரெஜினா டீச்சர் சொன்னது. "தப்பா இருந்தாலும் பரவால்ல ஐயா, எழுதுங்க" என்றார். முதியோர் மாலை வகுப்பு எடுப்பவர் அவர். வகுப்பில் வயதில் மூத்தவன் நான்.

என் பெயர் தனக்கோட்டி. கடலூர் முதுநகர். பந்தல் போடும் தொழில் செய்தவன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் போடுவோம். வரவு செலவு, பத்திரிகை, ரசீது எல்லாம் என் மனைவி அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டாள். அவள் எட்டாவது படித்தவள். நான் கைநாட்டு. இப்போது அவளுக்கு மறதி வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு தாள் வந்தால் படிக்க ஆள் இல்லை. அதனால் வகுப்பில் சேர்ந்தேன்.

கை வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஐப்பசி 8, வியாழன்

அஞ்சலாட்சி வீட்டுக்குள் சாப்பிடுவதில்லை. தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறாள். "யாரு வூடு இது? கூப்புடாத வூட்ல நான் கை நனைக்க மாட்டன்" என்கிறாள். காரின் முன்சீட்டில் உட்காரவைத்தால் சாப்பிடுகிறாள். அவள் கணக்கில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். கார் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. வாசலில் நின்றால் போதும். எல்லா வேளையும் அங்கேதான். நான் வகுப்புக்குப் போகும்போதும் வகுப்பறை ஜன்னலை ஒட்டிக் காரை நிறுத்திவிடுவேன். அவள் உட்கார்ந்திருப்பாள். நான் பாடம் படித்தபடி அவளைப் பார்த்துக்கொள்வேன்.

அவளுக்கு நான் டிரைவர்.

"டிரைவரே, முகூர்த்தத்துக்கு நேரமாவுது."

"நீங்க சாப்ட்டு முடிங்கம்மா, எடுத்துடலாம்."

"நீ சாப்ட்டியா?"

"ஆச்சும்மா."

"பொய் சொல்லாத. கல்யாண வூட்ல டிரைவருக்குத்தான் கடைசிப் பந்தி. எனக்குத் தெரியாதா?"

இன்று ஊட்டி முடித்துக் காலைத் துடைக்கும்போது பார்த்தேன். அவள் காலடியில் விரித்திருந்த மிதியடி தண்ணீரில் ஊறிக் கிடந்தது. விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. ஓர் இடத்தில் தோல் பிய்ந்திருந்தது. அவளுக்குச் சர்க்கரை உண்டு.

ஐப்பசி 9, வெள்ளி

டாக்டரிடம் போனோம். காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். டாக்டர் நல்ல மனிதர், வாசலுக்கு வந்து பார்த்தார். காலில் ஈரமே படக்கூடாது, புண் உள்ளே இறங்கினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார்.

'சர்க்கரை' என்று நேற்று சரியாக எழுதியிருக்கிறேன். ர் வந்த பிறகும் க் உண்டு. டீச்சர் டிக் போட்டார்.

ஐப்பசி 11, ஞாயிறு

ஊரார் கல்யாணத்தில் ஒருவர் தலையிலும் மழை விழாமல் பார்த்துக்கொண்டவன் நான். பந்தலில் ஒழுகினால் அண்ணாந்து பார்த்தால் தெரியும். படுதா தொங்குகிற இடத்தில் மூங்கிலால் ஒரு குத்து. தண்ணீர் ஓரமாகக் கொட்டிவிடும். கார் அப்படி இல்லை. மேலே காய்ந்திருக்கிறது, கீழே குளமாக நிற்கிறது. எந்த வழியாக வருகிறது என்று தெரியவில்லை.

மிதியடியை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைப் பரப்பினேன். எந்தப் பக்கம் முதலில் நனைகிறதோ அந்தப் பக்கம் ஓட்டை. பரப்பும்போது ஒரு தாளில் 'வாழைத்தார் ஏலம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வா, ழை, த், தா, ர். படித்துவிட்டேன். அதற்குக் கீழே இருந்ததையும் படித்தேன். யாரோ ஒருவருடைய மாடு கிணற்றில் விழுந்து, உயிரோடு தூக்கியிருக்கிறார்கள். எனக்கு மிகுந்த சந்தோஷம். குனிந்தபடியே படித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிறகு டியூபை எடுத்துக் கார்மேல் தண்ணீர் அடித்தேன். அஞ்சலாட்சி உள்ளேயிருந்து கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டினாள்.

"பன்னீரு நல்லாத் தெளிங்க. சந்தனம் எங்க? மாப்ள வூட்டுக்காரங்கன்னா இளப்பமா?"

இரண்டு சொட்டு அவள் முகத்தில் தெளித்தேன். வாயெல்லாம் சிரிப்பு. செய்தித்தாள் முழுவதும் நனைந்துவிட்டது. அது கண்ணாடி வழியாக வந்த தண்ணீரா, வேறு வழியா என்று தெரியாமல் போய்விட்டது.

ஐப்பசி 12, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள். எல்லாக் கதவிலும் இருக்கின்றன. கார் பழசாகித் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். எம்சீல் பசையைப் பிசைந்து ஒன்றுவிடாமல் அடைத்தேன். விரலால் வழித்துவிட்டதில் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. இனி மழை எப்படி வருகிறது, பார்ப்போம்.

ஐப்பசி 14, புதன்

நல்ல மழை. முன்னைவிட அதிகத் தண்ணீர். கதவைத் திறந்தால் இளநீரைக் குலுக்கினாற்போல் உள்ளே சலசலக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. அஞ்சலாட்சியின் காலில் பாலித்தீன் பை கட்டிவிட்டேன். அவிழ்த்து வெளியே எறிந்துவிட்டாள்.

ஐப்பசி 15, வியாழன்

தீபாவளி. மகள் மங்கையர்க்கரசி வந்தாள். ஓசூரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் காய்ச்சல் என்று தனியாக வந்தாள். வந்தவுடன் அம்மாவின் காலைப் பார்த்தாள். அப்புறம் காரின் உள்ளே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா இது, அம்மாவ குளத்துல உக்காரவச்சி சோறு போடுறீங்க?"

"ஒழுவுது. சரி பண்ணிட்டிருக்கன்."

"நீங்களா?"

"எம்சீல் வச்சிருக்கன்."

அவள் சிரிக்கவில்லை. பலகாரம் எடுத்துப் போன தட்டை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓசூர் பக்கத்தில் ஓர் இல்லம் இருக்கிறதாம். இந்த மாதிரி மறதி வந்த பெண்களை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். அவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டாள். இடமும் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆம்பளைங்கள அங்க சேக்கமாட்டாங்க. நீங்க எங்க வீட்ல இருந்துக்கலாம். ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கலாம்."

நான் ஓர் அதிரசத்தை எடுத்துப் பிட்டேன்.

"அப்பா, உங்களக் குத்தம் சொல்லல. இந்தப் புண்ணு ஆறலன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். இன்னொன்னும் சொல்றேன். இப்பவாவது அம்மா பாத்ரூமுக்குச் சொல்லிட்டுப் போறாங்க. அதுவும் நின்னுச்சுன்னா அப்புறம் உங்க ஒருத்தரால முடியாது. அப்ப நான் உங்களக் கேக்கவே மாட்டேன்."

சரி என்றேன். அதிரசம் நன்றாக இருந்தது.

ஐப்பசி 18, ஞாயிறு

மெக்கானிக் பாரூக் பாயைக் கூப்பிட்டேன். எங்கள் பந்தல் வேனைப் பார்த்தவர். இப்போது அவருக்கும் தாடி நரைத்துவிட்டது. கதவைத் திறந்தார். உள்ளே சலசலத்தது. காதை வைத்துக் கேட்டார். குனிந்து அடிவிளிம்பைத் தடவினார். எழுந்து என்னையே பார்த்தார்.

"பெரியவரே, இது யாரு வேல?"

"நான்தான் பாய். ஓட்டைய அடச்சன்."

"இது தண்ணி உள்ள வர்ற ஓட்டை இல்ல, வெளிய போற ஓட்டை. கம்பெனிக்காரன் வேணும்னே வச்சது. ஜன்னல் கண்ணாடி இடுக்குல எறங்குற மழை இது வழியா வெளிய போவணும். நீங்க கதவ டேங்கு ஆக்கி வச்சிருக்கீங்க!"

திருப்புளியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். தண்ணீர் கொட்டியது. வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் வந்துவிட்டது. அஞ்சலாட்சி உள்ளே உட்கார்ந்தபடி கைதட்டினாள்.

"சரி, பழைய தண்ணி எங்கேருந்து வந்துச்சு, அதப் பாப்போம்" என்றார். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கிற இடத்தில் கருப்பு பிளாஸ்டிக் சல்லடை ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினார். அடியில் ஒரு பள்ளம். கண்ணாடியில் விழுகிற மழை அந்தப் பள்ளத்தில் இறங்கி, ஓரத்துக் குழாய் வழியாகத் தரைக்குப் போக வேண்டுமாம். பள்ளம் நிறையக் கரி போல ஏதோ அடைந்திருந்தது. பாய் கைவிட்டு அள்ளிப்போட்டார். அழுகிய சாமந்தி, மாவிலை, ஊறி உப்பிய பொரி, ஒரு கற்பூர வில்லையின் காகிதம். குழாய் வாய் முழுக்க அடைத்துக் கிடந்தது. போக வழியில்லாத தண்ணீர் ஏசி காற்று போகிற பொந்து வழியாக அஞ்சலாட்சியின் காலடியில் இறங்கியிருக்கிறது.

"ஆயுத பூஜையா? யாரு இவ்ளோ பூவக் கொட்டுனது?"

ஆயுத பூஜை அன்று அஞ்சலாட்சிக்கு எல்லாமே சரியாக இருந்தது. குளித்தாள். பொட்டு வைத்துக்கொண்டாள். காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். மாலை போட்டாள். பொரியும் பூவும் அள்ளி அள்ளிக் கண்ணாடியில் போட்டாள். ஒவ்வொரு வருடமும் அவள் அப்படித்தான் செய்வாள். போதும் என்று நான் சொல்லவில்லை. அன்று அவள் என்னை டிரைவர் என்று சொல்லாமல் "என்னாங்க" என்று கூப்பிட்டாள்.

"வூட்லதான்" என்றேன்.

பாய் தலையாட்டினார். குப்பைக்கு நடுவில் ஒரு துலுக்கசாமந்திச் செடி முளைத்திருந்தது. வெளுத்துப்போய் நூல் மாதிரி இருந்தது. "கார்லயே தோட்டம் போட்டுட்டீங்க" என்றார். நான் அதைப் பிடுங்கிக் குப்பையோடு போட்டேன்.

ஐப்பசி 22, வியாழன்

காலையிலிருந்து விடாத மழை. செய்தித்தாள் காய்ந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். காய்ந்த தாளின் வாசனை.

வெளியே கொட்டுகிறது. கண்ணாடியெல்லாம் புகைமூட்டம். உள்ளே நாங்கள் இரண்டு பேர். அவள் காலடியில் கிடந்த தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். மெதுவாகத்தான் வருகிறது. 'நெல் கொள்முதல் நிலையம்' என்பதில் 'கொள்முதல்' மட்டும் மூன்று தடவை ஆனது. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவரே, நீ படிச்சவனா?"

"கொஞ்சம் படிப்பன்மா."

"நல்லா படிக்கிற. எங்க வூட்டுக்காரருக்கு எழுதப் படிக்க வராது. பாவம். எல்லாத்துக்கும் என்னத்தான் கூப்புடுவாரு."

"இப்ப எங்கம்மா அவரு?"

"பந்தல் போடப் போயிருக்காரு. வருவாரு."

மீதியையும் படித்தேன். நல்ல நாள்.

ஐப்பசி 25, ஞாயிறு

புண் வாய் மூடிவிட்டது. மங்கையிடம் போனில் சொன்னேன். "நெசமாவா அப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள். போட்டோ அனுப்பச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து அனுப்பினார்.

டீச்சர் ஸ்ரீ எழுதிக் காட்டினார். அது ஒரே எழுத்தா என்று கேட்டேன். கோயில் கோபுரம் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன்.

ஐப்பசி 27, செவ்வாய்

மழை. கால் பக்கம் காய்ந்திருக்கிறது. சீட்டு நனைந்திருக்கிறது.

ஐப்பசி 28, புதன்

மழை. சீட்டு.

ஐப்பசி 30, வெள்ளி

பாரூக் பாய் வந்தார். சீட்டு நனைகிறது என்றேன். மேலே டியூபால் நெடுநேரம் தண்ணீர் அடித்தார். நான் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரைத் துணி காய்ந்திருந்தது. கண்ணாடி ரப்பர் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. பாய் முன்சீட்டில் கை வைத்தார். கையை மூக்குக்குக் கொண்டுபோனார். அஞ்சலாட்சி வாசல்படியில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே."

"சொல்லுங்க பாய். கண்ணாடி ரப்பரு மாத்திடலாமா?"

"மேலேருந்து வர்ற தண்ணின்னா நான் நிறுத்திருவன்."

"பின்ன மேலேருந்துதான வருது."

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் தன் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டை எடுத்துவந்து சீட்டின்மேல் விரித்தார். அதன்மேல் துண்டை மடித்துப் போடச் சொன்னார். "எங்கம்மாவுக்கும் கடைசில மழைதான்" என்றார். பாய்க்கு வேறு வேலை இருந்தது. போய்விட்டார்.

கார்த்திகை 1, சனி

மழை. துண்டு மாற்றினேன்.

கார்த்திகை 2, ஞாயிறு

காலையில் மழை. மாலையில் மழை. புடவை துவைத்துக் காயப்போட்டேன். நன்றாகக் காய்ந்தது.

கார்த்திகை 4, செவ்வாய்

எதிர்வீட்டு மொட்டைமாடியில் வற்றல் போட்டிருக்கிறார்கள். காக்காய்க்குக் கருப்புக் குடை கட்டியிருக்கிறார்கள். மழை.

கார்த்திகை 5, புதன்

டீச்சர் நோட்டைத் திருத்தினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ழை ரொம்ப அழகா வருது ஐயா."

"பழகிப்போச்சு டீச்சர்."

"நேத்து மழை பெய்யலையே?"

"எங்க தெருவுல பெஞ்சிது."

ஜன்னலுக்கு வெளியே காரைப் பார்த்தார். அஞ்சலாட்சி அங்கிருந்து கையாட்டினாள். டீச்சரும் கையாட்டினார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டார். டிக்கும் போடவில்லை, தப்பும் போடவில்லை.

கார்த்திகை 9, ஞாயிறு

மங்கை சொல்லாமல் வந்தாள். நான் காரின் அருகில் நின்று ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் நேரே வந்து அம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தாள். விரல் விரலாக விரித்துப் பார்த்தாள்.

"ஆறிடுச்சுப்பா! சுத்தமா ஆறிடுச்சு!"

"அதான் சொன்னனே."

சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது. அம்மாவைக் கட்டிக்கொள்ளக் குனிந்தாள். குனிந்தவள் சீட்டில் கையை ஊன்றினாள். கையை எடுத்துப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கு."

"மழை" என்றேன்.

"எப்பப்பா பெஞ்சுது?"

"காலைல."

வானத்தைப் பார்த்தாள். வெயிலில் கண் கூசியது. ஆட்டோ கிளப்பிய புழுதி இன்னும் தெருவில் நின்றது.

"மெக்கானிக்கு நாளைக்கு வரன்னிருக்காரு. கண்ணாடி ரப்பரு ஒன்னு..."

"மழ இல்லடி மங்கை."

சொன்னது அஞ்சலாட்சி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் பழைய குரலாக இருந்தது. பில் கொடுக்காத ஆளிடம் போனில் பேசுவாளே, அந்தக் குரல்.

"நான்தான் போய்ட்டன். தெரிய மாட்டேங்குது. ஒங்கப்பாவப் போட்டு ஏன் கேக்குற? அவருக்குப் பொய் சொல்ல வராது."

அவள் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "டிரைவரே, வண்டி ஏன் நிக்குது?" என்றாள்.

மங்கையும் நானும் சேர்ந்து அவளைக் குளிப்பாட்டினோம். மங்கை தண்ணீர் ஊற்றினாள், நான் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு மங்கை கேட்டாள்.

"எத்தன நாளாப்பா?"

"மழ ஆரம்பிச்சதுலேருந்து."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் கெளம்பலாம்பா. பஸ்ல, வாடகை வண்டில எல்லாம் அம்மா ஏற மாட்டாங்க. நீங்கதான் ஓட்டணும்" என்றாள்.

சரி என்றேன். டயரில் காற்று அடித்துவைத்தேன்.

கார்த்திகை 11, செவ்வாய்

நேற்று எழுத நேரமில்லை. இன்று எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

அஞ்சலாட்சி அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு என்று சொன்னதும் ஒரு பேச்சுப் பேசவில்லை. மங்கை ஒரு பெட்டியில் அவளுடைய துணி, மாத்திரை, சீப்பு எல்லாம் எடுத்து வைத்தாள். பெட்டியைப் பார்த்து, "சீர்வரிசையா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி. மங்கை பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். "அப்பாடா" என்றாள் அஞ்சலாட்சி.

விழுப்புரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. திருவண்ணாமலையில் மலையே தெரியவில்லை. வைப்பர் போதவில்லை. காரின் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. பாய் வேலை சுத்தம்.

முன்பெல்லாம் வெளியூருக்குப் பந்தல் பேசப் போகும்போது வழிப்பலகைகளை அஞ்சலாட்சிதான் படித்துச் சொல்வாள். வலது என்பாள், திரும்புவேன். நேற்று நான் படித்தேன். ஒவ்வொரு பலகையும் மழையில் பச்சையாக எழும்பி வந்தது. சத்தமாகப் படித்தேன். செங்கம். பாச்சல். சிங்காரப்பேட்டை. எழுத்துகள் ஓடுகிற வேகத்துக்கு என்னாலும் ஓட முடிகிறது! ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் படித்தேன். அஞ்சலாட்சி ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். பின்னாலிருந்து மங்கை, "நல்லாப் படிக்கிறீங்கப்பா" என்றாள். பிறகு அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஊத்தங்கரையில் சாலை பிரிகிறது. ஒரு பெரிய பலகை இருந்தது. நேரே போகிற அம்புக்குறிக்குப் பக்கத்தில் கிருஷ்ணகிரி என்று எழுதியிருந்தது. அந்த வழியில் போனால்தான் ஓசூர். வலது பக்க அம்புக்குறியில் திருப்பத்தூர் என்று எழுதியிருந்தது. நான் வலது பக்கம் திரும்பினேன்.

கொஞ்ச தூரம் போனதும் மங்கை பேசினாள்.

"அப்பா, இது திருப்பத்தூர் ரோடு."

"அப்டியா? போர்டத் தப்பாப் படிச்சிட்டன் போலருக்கு. புதுசுதான எனக்கு."

மங்கை முன்னால் சாய்ந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள். பிறகு, "எங்கயாவது ஓரமா நிறுத்துங்க. அம்மாவுக்குப் பசிக்கும்" என்றாள்.

மூடியிருந்த ஒரு கடையின் முன்னால் புளியமரத்தடியில் நிறுத்தினேன். மங்கை டிபன் டப்பாவைத் திறந்தாள். பின்சீட்டிலிருந்து எட்டி இட்டிலியைப் பிட்டு அம்மாவுக்கு ஊட்டினாள். அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். மங்கை எங்கள் வீட்டுக்குள் வைத்து எத்தனையோ தடவை ஊட்டப் பார்த்துத் தோற்றிருக்கிறாள். நேற்று அவள் கையால் எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

"ஏம்மா, நீ பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"பொண்ணு வூடும்மா" என்றாள் மங்கை.

"அதான் மொகத்துல தெரியுது. அழுவாத. பொண்ண அனுப்புற எடத்துல அழுவத்தான் வரும். அப்பறம் சரியாயிடும்."

மங்கை டப்பாவை மூடினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வைப்பரை நிறுத்தினேன். மீண்டும் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"காலைலயும் சாயந்தரமும் ஒரு பொம்பள ஆளு வச்சிக்கணும்" என்றாள் மங்கை. "குளிப்பாட்ட, துணி மாத்த. வேணாம்னு சொல்லக் கூடாது."

"சொல்லல."

"சீட்டு நனைஞ்சா எனக்குப் போன் பண்ணணும். மழைன்னு சொல்லக் கூடாது."

"சரி."

"திருப்புங்கப்பா."

"எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டேன்.

"நீங்கதான் படிக்கத் தெரிஞ்சவரு. போர்டப் பாத்து நீங்களே ஓட்டுங்க."

வண்டியைத் திருப்பினேன். ஊத்தங்கரைப் பலகை மறுபடியும் வந்தது. டீச்சர் ஸ்ரீக்கு அப்புறம் ஷ கற்றுக்கொடுத்திருந்தார். கி, ரு, ஷ், ண, கி, ரி. முதல் தடவையும் நான் அதைச் சரியாகத்தான் படித்திருந்தேன்.

கடலூர் என்று போட்ட பலகை விழுப்புரத்துக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அப்போது மழை விட்டிருந்தது. அதையும் சத்தமாகப் படித்தேன்.